பங்கேற்பாளர் 41

எவாசியோவின் குழாய் மூன்று மாதமாக
என்னிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.
ரத்தக் குழாய் இல்லை.
மூடி போட்ட பிளாஸ்டிக் குழாய்,
விடிந்ததும் பிடித்த சிறுநீர்,
மஞ்சள் சீட்டில் 41.

ஆல்பாவில் அக்டோபர் வந்தால்
பனிமூட்டமே வறுத்த ஹேசல்நட் வாசம் அடிக்கும்.
மருத்துவமனைச் சுவர்கூடப் பசியோடு நிற்கும்.
கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில்
நான் பொட்டலம் கட்டுகிறேன்:
முப்பது கிராம் பருப்பு, உப்பில்லாமல், தோலோடு.
இருபது கிராம் சாக்லேட்,
நூற்றுக்கு எண்பத்தைந்து கறுப்பு,
சிரிக்கத் தெரியாதது.
நாளுக்கு ஒன்று. நூற்று எண்பது நாள்.
முப்பதைத் தாண்டி முள் துள்ளக் கூடாது,
விதிமுறை 7.
மிஞ்சிய பருப்பு எங்கே போகும் என்று
விதிமுறை சொல்லவில்லை.
என் வாய்க்குத் தெரியும்.

டாக்டர் பெர்ருக்கா எல்லோருக்கும்
ஒரே படம் வரைவார்.
ரத்தக் குழாய் பிடிவாதம் பிடித்த தோட்டக் குழாய்;
கொக்கோ போய் அதன் காதில் ஏதோ சொல்லும்,
சுவர் கொஞ்சம் தளரும்,
ரத்தம் முழங்கையால் இடிக்காமல் நடக்கும்.
பருப்பின் எண்ணெய், கெட்ட கொழுப்பில் கொஞ்சத்தை
வாசல் வரை கொண்டுபோய் விட்டு வரும்.
'கொஞ்சம்' என்பதை அழுத்திச் சொல்வார்.
நேர்மையான மனுஷர்.
மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்பதை மூன்று முறை.

எவாசியோ சிமென்ட் லாரி ஓட்டியவர்,
அறுபத்தெட்டு வயது, 158-க்கு 94.
அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும் டிக்,
ஒரே பேனா, ஒரே சாய்வு,
ஒரே மூச்சில் போட்ட மாதிரி.
"சாக்லேட் எப்படி?"
"அருமை" என்றார்
விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு.

கொக்கோ தின்ற உடம்பு
மறுநாள் காலையில் ஒப்புக்கொண்டுவிடும்.
கருவித் திரையில் அதற்கு ஒரு மேடு உண்டு,
குட்டி மலை.
41-க்கு மலை இல்லை.
மூன்று மாதமும்
வெர்செல்லி நெல்வயல் மாதிரிச் சமவெளி.

நாலாவது தடவை லியொந்தீனா கூட வந்தாள்.
அவருக்குக் கண்புரை அறுவை, கார் ஓட்ட ஆள் வேண்டும்.
அவர் உள்ளே கையை நீட்டிக்கொண்டிருக்க,
மடியில் கைப்பையைப் பிடித்தபடி
தணிந்த குரலில் கேட்டாள்:
"ஆராய்ச்சி முடிந்தால்
பொட்டலமும் நின்றுவிடுமா?"
உதட்டோரம் ஒரு பழுப்புப் புள்ளி.

அப்புறம் தானாக வந்தது எல்லாம்.
அவருக்குக் கசப்பு ஆகாது,
காப்பிக்கே மூன்று கரண்டி.
பருப்போ பல்செட்டுக்கு அடியில் போய்
உட்கார்ந்துகொள்கிறது.
வீணாக்குவானேன் என்று
பாத்திரம் கழுவி, விளக்கை அணைத்து,
அடுப்படியில் நின்றபடியே,
அவள்.
நாற்பது வருஷம் அவர் தட்டின் மிச்சம்
தின்றிருக்கிறாளாம்.
"முதல் தடவையாக நல்ல மிச்சம்."

சதுக்கத்து மருந்துக்கடையில்
ஒரு யூரோ போட்டால் அழுத்தம் சொல்லும் எந்திரம்.
துண்டுச்சீட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.
ஜூனில் 149. ஜூலையில் 146. நேற்று 141.
நடுவில் ஒரு 152:
நாத்தனார் சாப்பிட வந்த ஞாயிறு.

நான் விஞ்ஞானி இல்லை, பொட்டலம் கட்டுகிறவள்.
ஆனாலும் தெரியும்,
ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.
இறக்கியது கொக்கோவா,
மருந்துக்கடைக்கு ஏறுகிற அந்தச் சரிவா,
இருட்டில் யாரும் கூப்பிடாத பத்து நிமிஷமா,
எந்தத் தராசில் பிரித்துப் போடுவது?

41-ஐ எழுதித்தான் ஆக வேண்டும்.
எழுதினேன்: உட்கொள்ளவில்லை.
அவர் வரிசையை நீக்கிவிடுவார்கள்.
அவளுக்கு நீக்கவும் ஒரு வரிசை கிடையாது.

முடிவு மேலே போய்ச் சேர ஒரு வாரம் ஆகும்.
அதுவரை 41-க்கு ஏழு பொட்டலம் பாக்கி.
தராசில் முப்பது, முள் நின்றது.
இன்னொரு பருப்பை வைத்தேன்.
சுவரில் ஒட்டிய விதிமுறை 7
பார்த்துக்கொண்டுதான் இருந்தது.